கழுவும்போது காணாமல் போன 220 மீட்டர்

எங்கள் ஊரில் சைக்கிள்கள் எந்த வழியில் ஓடுகின்றன என்று கைபேசித் தடங்களை வைத்து வரைந்தேன். முதல் வரைபடம் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கறுப்புப் பின்னணியில் ஆரஞ்சுக் கோடுகள். சைக்கிள் அதிகம் ஓடிய சாலை அதிகமாக ஒளிரும். 23 பேர், 6 வாரம், ஆயிரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணங்கள். சைக்கிள் பாதை எங்கே வேண்டும் என்று இனி யாரும் வாதாட வேண்டியதில்லை, ஒளிரும் இடத்தில் போட்டுவிட்டால் போதும் என்று நம்பி அன்றிரவு தூங்கினேன். காலையில் மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. ஊரிலேயே பளிச்சென்று எரிந்தது ஏரியைச் சுற்றி ஓடும் சாலை. அங்கே ஓட்டியவர் ஒரே ஒருவர். உடற்பயிற்சிக்காக ஞாயிறுதோறும் இருபது சுற்று வருகிறவர். அந்த வரைபடத்தை நம்பியிருந்தால் ஒரு தனிமனிதரின் கால் தசைகளுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியிருப்போம்.

திருத்தம் எளிது. ஒரு சாலைத் துண்டில் எத்தனை பயணம் என்று எண்ணாமல், ஒரு வாரத்தில் எத்தனை வேறுவேறு ஆட்கள் என்று எண்ண வேண்டும். ஏரிச் சாலை உடனே அணைந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது வரைபடத்தில் வேறொரு கோளாறு இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. இந்தப் பதிவே அதைப் பற்றியதுதான்.

தரவு சேர்த்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பங்கேற்றவர்கள் கைபேசியில் ஏதேனும் ஒரு பதிவுச் செயலியை ஓடவிட்டு, வாரக் கடைசியில் ஜிபிஎக்ஸ் கோப்புகளை எனக்கு அனுப்பினார்கள். ஜிபிஎக்ஸ் என்பது ஒன்றும் மர்மமான வடிவமல்ல. உரைத் திருத்தியில் திறந்தாலே வரிவரியாகப் படிக்கலாம்: அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம். பெரும்பாலும் ஒரு நொடிக்கு ஒரு புள்ளி. தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் வரை கைபேசி எழுதித் தள்ளும். ஐந்தாவது இலக்கமே ஏறத்தாழ 1.1 மீட்டர், ஏழாவது இலக்கம் ஒரு சென்டிமீட்டர். சட்டைப் பையில் கிடக்கும் கைபேசிக்குத் தான் எந்த நடைபாதையில் இருக்கிறோம் என்பதே தெரியாது. அந்த நிலையில் சென்டிமீட்டர் வரை சொல்வது, கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் 4,317 என்று பதில் சொல்கிறவரின் துணிச்சலுக்குச் சமம்.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டு முகவரியை மறைத்தேன். பயணத் தடம் என்பது ஒருவர் எங்கே வசிக்கிறார், எப்போது வீடு பூட்டியிருக்கும் என்பதையெல்லாம் சொல்லிவிடும். உடற்பயிற்சித் தடங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் நிறுவனம் 2017 நவம்பரில் வெளியிட்ட உலக வெப்பவரைபடத்தில் ராணுவ முகாம்களின் உட்பாதைகள் ஒளிர்ந்ததை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் கண்டுபிடித்துச் சொன்னார். அந்தச் செய்தி பலருக்கு நினைவிருக்கும். பெயர் எதுவும் இல்லாத, மொத்தமாகக் கூட்டிய தரவுதான் அது.

நான் முதலில் செய்தது, வீட்டைச் சுற்றி 200 மீட்டருக்குள் விழும் புள்ளிகளை வெட்டுவது. பத்து தடங்களை ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. பத்தும் பத்து திசையிலிருந்து வந்து, ஓர் அழகான வட்டத்தின் விளிம்பில் நின்றன. மூன்று புள்ளி கிடைத்தால் வட்டத்தின் மையத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது பள்ளி வடிவியல். மையத்தில் இருப்பது வீடு! ஆகவே, ஒவ்வொருவருக்கும் வட்டத்தின் மையத்தை வீட்டிலிருந்து ஏதோ ஒரு திசையில் ஏதோ ஒரு தூரம் நகர்த்தி வைத்துக்கொண்டு வெட்டினேன். நகர்த்தும் அளவை ஒருமுறைதான் தீர்மானிக்க வேண்டும். பயணத்துக்குப் பயணம் மாற்றினால், சராசரி எடுத்து மறுபடியும் வீட்டுக்கே வந்துவிடலாம்.

அடுத்தது சுத்தம் செய்தல். நேரப் பிழை எல்லோருக்கும் முதலில் நேர்வது. ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் உலகப் பொதுநேரத்தில் இருக்கும், உள்ளூர் நேரத்தில் அல்ல. அதைக் கவனிக்காமல் போட்ட மணிவாரி வரைபடத்தில், விடியும் முன்பே ஊர் முழுவதும் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இன்னொன்று, செயலிகளில் இருக்கும் தானியங்கி இடைநிறுத்தம். சைக்கிள் நின்றதும் பதிவும் நின்றுவிடும். ஓட்டுகிறவருக்குத் தன் சராசரி வேகம் குறையாமல் இருப்பதில் மகிழ்ச்சி. எனக்கோ எந்தச் சிக்னலில் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்பதுதான் தேவை. அது தொலைந்துபோகிறது. நல்லவேளையாக நேர முத்திரை மிச்சம் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே 48 நொடி இடைவெளி, தூரமோ 3 மீட்டர் என்றால், அது காத்திருப்பு. புள்ளிகளை வைத்து நேரத்தைக் கணக்கிடாமல் நேர வித்தியாசத்தை வைத்தே கணக்கிட்டதால் இது சரியாயிற்று.

பிறகு, பஸ்ஸில் ஏறிய பிறகும் பதிவை நிறுத்த மறந்தவர்கள். இதற்காக ஒரு வடிகட்டி வைத்தேன்: ஒரு பயணத்தின் ஏதேனும் ஒரு சாலைத் துண்டில் வேகம் மணிக்கு 45 கி.மீ.யைத் தாண்டினால் அந்தத் துண்டையும் அதன் அக்கம்பக்கத் துண்டுகளையும் நீக்கிவிடு. எளிமையான, நியாயமான, யாரும் கேள்வி கேட்காத வடிகட்டி. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனிதான் உண்மையான வேலை. புள்ளிகள் சாலைமேல் விழாது. வீட்டுக் கூரையில் விழும், குளத்தில் விழும். ஒவ்வொரு புள்ளியையும் அருகில் உள்ள சாலைக்கு இழுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். இழுத்துப் பார்த்தேன். மேம்பாலத்தின் மேலே போகிறவர் நடுவழியில் கீழ்ச்சாலைக்குக் குதித்தார். குறுக்குச் சந்து ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர் எட்டிப் பார்த்துத் திரும்பினார். இதற்கு நல்ல வழி, 2009-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் பால் நியூசன், ஜான் க்ரம் இருவரும் எழுதிய முறை. மறைநிலை மார்க்கோவ் மாதிரி என்று பெயர். கருத்து நம் பொது அறிவுதான். ஒவ்வொரு புள்ளிக்கும் அருகிலுள்ள பல சாலைகளையும் வேட்பாளர்களாக வைத்துக்கொள். புள்ளியிலிருந்து சாலை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு மதிப்பெண் குறைவு. முந்தைய வேட்பாளரிலிருந்து இந்த வேட்பாளருக்குச் சாலை வழியே போகும் தூரமும், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நேர்க்கோட்டுத் தூரமும் எவ்வளவு மாறுபடுகின்றனவோ அதற்கும் மதிப்பெண் குறைவு. ஏனென்றால் ஒரு நொடியில் 10 மீட்டர் நகர்ந்தவர் சாலை வழியே 800 மீட்டர் சுற்றியிருக்க முடியாது. எல்லாவற்றையும் கூட்டி, அதிக மதிப்பெண் பெறும் முழுப் பாதையை விட்டெர்பி என்ற கணக்கு முறை எடுத்துக் கொடுத்துவிடும்.

சாலை வலையமைப்புக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடம். பொருத்துவதற்கு வால்ஹாலா என்ற திறமூல மென்பொருள். ஜிபிஎஸ் பிழையின் அளவு அதில் இயல்பாக 4.07 மீட்டர் என்று இருக்கும். அந்த எண் 2009 கட்டுரையில் காரில் வைத்து எடுத்த தரவிலிருந்து வந்தது. பையில் கிடக்கும், உடலால் மறைக்கப்படும் கைபேசிக்கு அது பேராசை. 8, 10, 12 என்று மாற்றிப் பார்த்து, எனக்கு நன்றாகத் தெரிந்த இருபது பயணங்களைக் கண்ணால் சரிபார்த்து, 9-இல் நிறுத்தினேன். இந்தக் கண்ணால் பார்க்கும் வேலையைத் தவிர்க்க எவ்வளவோ முயன்றேன். தவிர்க்க முடியவில்லை.

வழியில் ஒரு பாடமும் கிடைத்தது. ஒரு பள்ளியின் பின்சுவருக்கு அப்பால் கைப்பிடி அகலத்தில் ஒரு சந்து இருக்கிறது, வரைபடத்தில் இல்லை. அதில் போன ஏழு பேரையும் மென்பொருள் பெரிய சாலை வழியாகச் சுற்றிக் கூட்டிப் போயிருந்தது. வரைபடத்தில் இல்லாத வழியில் யாரும் போக முடியாது என்பது அதன் உறுதியான நம்பிக்கை. அந்தச் சந்து வழியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து சேர்த்து, வலையமைப்பை மறுபடி உருவாக்கியதும் சரியாயிற்று. பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

எண்ணிக்கையைச் சரிபார்க்க நேரில் போய் நிற்க வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. செயலி வைத்திருப்பவர்கள் ஒரு தனி வகை ஆட்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படியல்ல. சான்பிரான்சிஸ்கோ மாவட்டப் போக்குவரத்து ஆணையம் 2009-இல் சைக்கிள்டிராக்ஸ் என்ற செயலியை விட்டுத் தடங்களைத் திரட்டியபோதும், ஒரேகான் மாநிலப் போக்குவரத்துத் துறை 2014-இல் ஸ்ட்ராவாவின் தரவை வாங்கியபோதும் எழுந்த முதல் கேள்வி இதுதான்: செயலியில் இல்லாதவர்கள் எங்கே? ஆகவே, இரண்டாவது வரைபடத்தை மேசைமேல் விரித்து, எங்கே போய் நிற்கலாம் என்று தேடினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. நான் தினமும் ரயில் நிலையத்துக்குப் போகும் வழி வரைபடத்தில் இல்லை.

திரும்பி வரும் வழி இருக்கிறது. போகும் வழி இல்லை. நான் மட்டுமல்ல, எங்கள் பக்கத்துத் தெருக்களில் பங்கேற்பாளர்கள் ஆறு பேர். ஆறு பேரும் நாள்தோறும் மாலையில் நிலையத்திலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள், காலையில் நிலையத்துக்குப் போகாமலேயே.

இடத்தின் அமைப்பைச் சொன்னால் காரணம் விளங்கும். தெருக்கள் ஒரு பெருஞ்சாலையின் இந்தப் பக்கம். நிலையம் அந்தப் பக்கம். நடுவே உயரமான தடுப்பு. தெருமுனையிலிருந்து 220 மீட்டரில் சிக்னல். அதைக் கடந்தால் நிலைய வாசல். ஆனால் நம் பக்கத்துச் சாலையில் வண்டிகள் வருவது சிக்னலிலிருந்து தெருமுனையை நோக்கி. சட்டப்படி போவதென்றால் நிலையத்துக்கு முதுகைக் காட்டிப் புறப்பட்டு, அடுத்த திருப்பம் வரை போய், மறுபக்கச் சாலையில் திரும்பி வர வேண்டும்: 1.3 கி.மீ. இந்த 220 மீட்டரை நாங்கள் எல்லோரும் எதிர்த்திசையில்தான் கடக்கிறோம், ஓரமாக, ஹாரன் சத்தத்துக்கு நடுவே. ஒப்புக்கொள்கிறேன், நானும்தான்.

மென்பொருளோ ஒருவழிச் சாலையை மதிக்கும். எதிர்த்திசையில் நகரும் புள்ளிகளைப் பார்த்து, இவர் தடுப்புக்கு அந்தப் பக்கச் சாலையில்தான் சரியான திசையில் போகிறார் என்று முடிவுகட்டிவிட்டது. இரண்டு சாலைகளின் நடுக்கோடுகளுக்கும் இடையே 14 மீட்டர்தான். ஜிபிஎஸ் பிழையில் மன்னித்துவிடக்கூடிய தூரம். தெருவிலிருந்து அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போனார்? திருப்பம் வரை போய்ச் சுற்றியிருப்பார். மதிப்பெண்ணில் ஒருமுறை பெரிய அபராதம் கொடுத்தால் போதும், மீதி எல்லாப் புள்ளிகளும் சுகமாகப் பொருந்திவிடுகின்றன. ஆக, நிலைய வாசல் வரை நான் 70 நொடியில் 280 மீட்டர் போனதை, 70 நொடியில் 1.3 கி.மீ. போனதாக எழுதிக்கொண்டது. மணிக்கு 67 கி.மீ. அடுத்து என் வடிகட்டி வந்தது. இவர் பஸ்ஸில் போகிறார் என்று சொல்லித் துண்டை வெட்டி எறிந்துவிட்டது.

ஒரு படி சட்டத்தை மதித்தது, அடுத்த படி பொது அறிவை மதித்தது. இரண்டும் சேர்ந்து ஊரின் மிக மோசமான 220 மீட்டரைத் துடைத்துவிட்டன. தரவில் அழுக்கு என்று நான் கழுவியதுதான் நான் தேடிக்கொண்டிருந்த விஷயம்.

பொருத்துவதில் ஒருவழித் தடையை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினேன். தனிப்பட்ட ஒரு தடத்தை வைத்து, ஆள் தடுப்புக்கு எந்தப் பக்கம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடம் பற்றிய ஐயம் எவ்வளவு இருந்தாலும், நகரும் திசையைப் பற்றி ஐயமே இல்லை. நிலையத்தை நோக்கி நகரும் தடங்களை மட்டும் எடுத்து, ஒவ்வொரு புள்ளியும் தடுப்பிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பக்கம் விழுகிறது என்று அடுக்கிப் பார்த்தேன். பிழை இரு பக்கமும் சமமாகச் சிதறும். ஆகவே எல்லோரும் ஒழுங்காகப் போயிருந்தால் வரைகோட்டில் அந்தப் பக்கம் ஒரே மேடு தெரிய வேண்டும். இரண்டு மேடு தெரிந்தது. எங்கள் பக்கத்து மேடுதான் உயரம்.

பிறகு நேரில் நின்றேன். வார நடுவில் ஒரு நாள், காலை இரண்டு மணி நேரம், 15 நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள், கையில் அழுத்தினால் எண்ணும் கருவி. மொத்தம் 212 சைக்கிள். எங்கள் பக்கத்தில் நிலையத்தை நோக்கிப் போனவை 131. சாலையில் எதிர்த்திசையில் 118, நடைபாதையில் 13. சட்டப்படி 1.3 கி.மீ. சுற்றி வந்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த 131 பேரில் என் தரவில் இருந்தவர்கள் நான்கு பேர். மீதிப் பேர் சீருடைப் பிள்ளைகள், முன்னும் பின்னும் மூட்டை கட்டியவர்கள், இரண்டு குழந்தைகளை ஏற்றிவந்த அம்மாக்கள். நடைபாதையில் போன 13 பேரில் 11 பேர் பெண்களும் சிறுவர்களும். நான்கை 131 ஆக்க ஏறத்தாழ 33 ஆல் பெருக்கினால் போதும். ஊர் முழுவதும் இதே எண்ணைப் பெருக்கிக்கொள்ளலாமே என்ற ஆசை வரும். ஏரிச் சாலையிலும் நின்று பார்த்தேன். அங்கே பத்துக்கு ஒருவர் செயலிக்காரர். இடத்துக்கு இடம் மாறும் எண்ணை ஒரே எண்ணாக எழுதுவது கணக்கு ஆகாது.

இதற்கு நடுவே இன்னொரு வரைபடம் செய்துவந்தேன். அதற்குக் கழித்தல் வரைபடம் என்று நானே பெயர் வைத்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் தொடக்கம், முடிவு தெரியும். இரண்டுக்கும் இடையே மிகக் குறுகிய வழியைக் கணினியிடம் கேள். ஒவ்வொரு சாலைத் துண்டிலும் குறுகிய வழிக் கணக்குப்படி எத்தனை பேர் போயிருக்க வேண்டும், உண்மையில் எத்தனை பேர் போனார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழி. போயிருக்க வேண்டியவர்கள் போகாத துண்டு சிவப்பு. தேவையில்லாமலேயே போன துண்டு நீலம். ஒளிரும் வரைபடம் மக்கள் எங்கே ஓட்டுகிறார்கள் என்று மட்டும் சொல்லும். சிவப்புக் கோடு அவர்கள் எதைப் பார்த்து ஒதுங்குகிறார்கள் என்று சொல்லும். பாதை போடுகிறவருக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

போர்ட்லாந்தில் 2007-இல் 164 பேரிடம் ஜிபிஎஸ் கொடுத்து ஜெனிஃபர் டில்லும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தூரம், திருப்பங்கள், ஏற்றம், சிக்னல்கள், வாகன நெரிசல் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் வழி தேர்கிறார்கள் என்று எண்களால் காட்டினார்கள். என்னிடம் அவ்வளவு தரவு இல்லை. ஆனால் சிவப்பில் தடிமனாக ஒரு கோடு வந்தது: அகலமான, நேரான, தார் மின்னும் சாலை. 1.9 கி.மீ. போதும் என்ற இடத்தில், இணையாக ஓடும் உள்தெரு வழியே 2.3 கி.மீ. போயிருந்தார்கள்.

ஏன் என்று அளக்க ஆசை வந்தது. ஜெர்மனியில் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஓப்பன்பைக்சென்சர் என்ற திறமூலக் கருவி இருக்கிறது. சைக்கிளின் பக்கவாட்டைப் பார்க்கும் மீயொலி உணரி, முந்திச் செல்லும் வண்டி எவ்வளவு நெருங்கியது என்று பதியும். அங்கே 2020 முதல், நகருக்குள் சைக்கிளை முந்துகிற வண்டி 1.5 மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்து எளிய ஒன்றை நானும் கட்டினேன். ஒலி போய்த் திரும்பும் நேரத்தை அதன் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். எல்லோரும் நொடிக்கு 343 மீட்டர் என்று எழுதிவிடுவார்கள். அது 20 பாகை வெப்பத்துக்கு. 35 பாகையில் ஒலி நொடிக்கு 352 மீட்டர் ஓடும், 1.5 மீட்டரில் நான்கு சென்டிமீட்டர் பிழை. அதைத் திருத்தினேன். கைப்பிடியின் பாதி அகலத்தைக் கழிக்கத்தான் மறந்துவிட்டேன். முதல் வார அளவுகள் எல்லாம் 30 சென்டிமீட்டர் தாராளமாக இருந்தன. திருத்திய பிறகு, சிவப்புச் சாலையில் ஒரு மீட்டருக்கும் குறைவாக உரசிப் போனவர்கள் எந்த வாரத்திலும் குறையவில்லை. நாளடைவில் உணரியில் தண்ணீர் புகுந்து, காலியான சாலையிலும் 40 சென்டிமீட்டரில் யாரோ என்னை முந்திக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேயோடு அந்த ஆராய்ச்சியை நிறுத்திக்கொண்டேன்.

கழித்தல் வரைபடத்திலும் ஒரு குறை உண்டு, சொல்லாவிட்டால் ஏமாற்று. குறுகிய வழியைக் கணக்கிடுவதும் சட்டத்தை மதிக்கும் மென்பொருள்தான். ஆகவே, எங்கள் 220 மீட்டர் அதிலும் முதலில் தெரியவில்லை. 1.3 கி.மீ.தான் குறுகிய வழி என்று அது நம்பியது. ஒருவழித் தடையை நீக்கி ஒருமுறை, நீக்காமல் ஒருமுறை என்று இரண்டு விதமாகவும் ஓட்டி, இரண்டு தூரங்களின் வித்தியாசத்தைத் தனிப் படமாக்கினேன். ஊரில் நான்கு இடங்கள் தீப்பிடித்ததுபோல் எழுந்து நின்றன. நான்கும் நடுத்தடுப்புகள்.

சாலைப் பொறியாளரைப் பார்க்க 18 பக்கம் எடுத்துப் போனேன். பொறுமையாகப் புரட்டினார். "இத்தனை வண்ணம் எதற்கு, சார்? எத்தனை பேர், எத்தனை மீட்டர், எனக்கு எவ்வளவு அகலம் கிடைக்கும், இந்த மூன்றைச் சொல்லுங்கள்" என்றார். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. மூன்றாவது எந்தச் செயற்கைக்கோளிலிருந்தும் வரவில்லை. மறுநாள் அதிகாலை அளவு நாடாவுடன் போய் அளந்தேன்: எங்கள் பக்கம் 9 மீட்டர். வண்டிகளுக்கு 3.25 மீட்டரில் இரண்டு தடம் விட்டாலும் 2.5 மீட்டர் மிஞ்சும். தடுப்பை உடைக்க வேண்டாம். அங்கே உடைத்தால் வேகமாக வரும் வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகள் கடப்பார்கள். ஓரத்தில் 220 மீட்டருக்கு இருதிசை சைக்கிள் தடம் போதும். எல்லோரும் ஏற்கெனவே போகும் இடத்தில், போகும் திசையில்.

சிவப்புச் சாலையை ஏன் முதலில் கேட்கவில்லை என்று நண்பர்கள் கோபித்தார்கள். அது இரண்டு கி.மீ.; பல ஆண்டு வேலை. ஒரு வழியின் தரம் அதன் மிக மோசமான துண்டால்தான் தீர்மானிக்கப்படும் என்பது, 2012-இல் மெக்கூரியா, ஃபர்த், நிக்சன் மூவரும் முன்வைத்த, சைக்கிள் ஓட்டுகிறவருக்குத் தரும் மன அழுத்தத்தை வைத்துச் சாலைகளைத் தரம்பிரிக்கும் முறையின் அடிப்படை. அமைதியான தெருக்கள் நான்கு கி.மீ. இருந்தும், முடிவில் 220 மீட்டர் உயிர் பயம் என்றால், குழந்தைகளை ஏற்றிவரும் அம்மாவுக்கு அது முழுக்க உயிர் பயம் உள்ள வழிதான். சிறிய துண்டைச் சரிசெய்தால் நீளமான வழி ஒன்று திறக்கிறது.

சில மாதம் கழித்து, சோதனை முயற்சியாக வண்ணக் கோடும் நெகிழிக் கம்பங்களும் வந்தன. முன், பின் ஒப்பீட்டுக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தேன்: ஒப்பிட மாற்றம் நடக்காத இன்னோர் இடம், அதே கிழமைகள், மழை நாள்கள் நீக்கம். நான்கு வாரத் தரவு சேர்ந்ததும் ஓட்டினேன். எதிர்த்திசைப் பயணங்கள் வாரத்துக்கு 27-இலிருந்து 38 ஆகியிருந்தன. விதிமீறல் ஏறத்தாழ 40 சதவீதம் உயர்வு.

வெகு நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொறியாளருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலையில், பள்ளியின் பின்சுவர்ச் சந்து நினைவுக்கு வர அரை நாள் ஆயிற்று. புதிய தடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இல்லை. அதில் ஒழுங்காகப் போன ஒவ்வொருவரையும், பக்கத்துச் சாலையில் எதிர்த்திசையில் போகும் குற்றவாளியாகவே என் நிரல் எழுதிக்கொண்டிருந்தது. புதிதாகச் சைக்கிளில் வரத் தொடங்கியவர்களையும் சேர்த்து.

தடத்தை வரைந்து சேர்த்தேன். இருதிசை என்று குறித்தேன். வலையமைப்பைப் புதிதாக உருவாக்கினேன். மீறல் பூஜ்யம் ஆயிற்று. அந்தப் பூஜ்யத்தையும் நம்ப முடியவில்லை. தடத்தின் நடுக்கோடும் சாலையின் அடுத்த தடத்து நடுக்கோடும் மூன்று மீட்டர்கூட விலகவில்லை. எதிர்த்திசை என்றாலே தடத்தில்தான் என்று மென்பொருள் முடிவு செய்கிறது, முன்பு அந்தப் பக்கச் சாலை என்று முடிவு செய்ததைப் போலவே. சட்டைப் பைக்குள் இருந்து மூன்று மீட்டரைப் பிரித்துச் சொல்ல எந்தக் கைபேசியாலும் முடியாது. எனவே, பழைய தாளை எடுத்துக்கொண்டு பழைய இடத்திலேயே போய் நின்றேன்.

இரண்டு மணி நேரத்தில் நிலையத்தை நோக்கி 164 சைக்கிள். தடத்தில் 150, நடைபாதையில் 5, சாலையில் எதிர்த்திசையில் 9. அந்த ஒன்பதும் ஏழு மணி நாற்பதுக்கும் ஏழு ஐம்பத்தைந்துக்கும் நடுவே. இரண்டு கம்பங்களுக்கு இடையே கிடைத்த இடைவெளியில் ஒரு சரக்கு வண்டி ஏறி நின்று, பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. கம்பங்களுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்று நாடா வைத்து அளந்து, தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.